முதல் சாம்பிள்

மார்ச் 9

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. நேற்று குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்தேன். காவலாளி உள்ளே கேட்டுவிட்டு வந்து, "மேடம் பிஸியாம்மா" என்றார். நம் வீட்டுக்கும் உன் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்சுவர். அதைத் தாண்ட ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமென்றால் ஒட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நம் மீன்கள் செத்தன. கடலில் போட்டிருந்த ஆறு கூண்டும். கிட்டத்தட்ட பதினோராயிரம் மீன். நான் தீனி வாளியோடு படகில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு தண்ணீருக்கு வெளியே துள்ளின. உள்ளே இருக்க முடியாமல் துள்ளுகின்றன என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பசி என்று நினைத்து இன்னும் இரண்டு கை தீனி வீசினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. ஒன்றின் செவுளைத் திறந்து பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது வெந்ததுபோல வெளுத்திருந்தது. அப்பா தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஆஸ்பத்திரித் தரை கழுவுன மாதிரி நாறுது" என்றார்.

மூன்று நாள் அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தோம். மீன் டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார்.

இன்று உங்கள் அணுமின் நிலையத்திலிருந்து தபால். அன்று வாய்க்காலில் விட்ட கழிவுநீரில் குளோரின் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம்தானாம். 0.2 வரை விடலாமாம். ஆகவே மீன் செத்ததற்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லையாம். கூண்டில் நெரிசல், அதனால் நோய், எனவே எங்கள் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கிறார்களாம். கீழே ஆய்வகத்தின் சார்பில் ஒரு கையெழுத்து. உன்னுடையது.

ஒரே கேள்வி. அந்த எண் உண்மையா?

உன் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் கிடக்கும். ஒரே பகலில் முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். வீடு தீப்பிடித்தால்கூட யாரும் அத்தனை தடவை கூப்பிட மாட்டார்கள். வாசலில் நீ போட்ட கூச்சலை எனக்கு மூன்று பேர் நடித்தே காட்டிவிட்டார்கள். இங்கே நான் பன்னிரண்டு வருஷமாகச் சம்பாதித்த மரியாதையை நீ பத்து நிமிஷத்தில் கழுவி ஊற்றிவிட்டுப் போனாய்.

பதிவேட்டில் இருக்கும் எண்தான் கடிதத்தில் இருக்கிறது. ஒரு கூண்டுக்கு ஆயிரத்து இருநூறு குஞ்சுக்கு மேல் விடாதே என்று போன வருஷமே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீ ஆயிரத்து எண்ணூறு விட்டாய். வலை கழுவுவது பிளீச்சிங் பவுடரில்தானே? அந்த வாடை வேறு எங்கிருந்து வரும்?

அணு உலைக்குப் பக்கத்தில் காக்கா செத்தாலும் எங்கள் தலையில் போட ஊரே காத்திருக்கிறது. அந்த வரிசையில் நீயும் போய் நின்றுகொள்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்பாவை மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

சொன்னேன். அவர் மாத்திரையும் போடுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. உன் கடிதத்தை நான் ஒளித்து வைப்பதற்குள் எடுத்துப் படித்துவிட்டார். "பெரியவ படிச்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் பேராசைப்பட்டு நெரிச்சு விட்டுட்டேன்" என்றார். அன்றிலிருந்து காலி வலைகளை இழுத்துப் போட்டு ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கிறார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. பதினோராயிரம் மீனைத் தன் கையால் கொன்றதாக அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நீ ஆய்வகம் படித்தாய், நான் தண்ணீரில் நின்று படித்தேன். இப்போது நான் சொல்வதைக் கேள். நெரிசலில் மீன் மூச்சு முட்டிச் சாவதென்றால் விடியற்காலையில் சாகும், நடுக் கூண்டில் முதலில் சாகும். இவை வெயில் ஏறிய பிறகு செத்தன. உங்கள் வாய்க்கால் வாய்க்குப் பக்கத்துக் கூண்டில் ஆரம்பித்து வரிசையாக, விளக்கு அணைத்துக்கொண்டே வருவதுபோல. கூண்டுக் கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பிகளும் வாய் பிளந்து உதிர்ந்தன. சிப்பிக்கு நாங்கள் தீனி போடவில்லை, அதை நெரித்தும் வைக்கவில்லை. வலையை இரண்டு மாதமாகக் கழுவவே இல்லை.

அன்றைக்கே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து டாக்டரிடம் கொடுத்தேன். குளோரின் பாட்டிலில் தங்காதாம், நகரத்து ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் பறந்துவிடுமாம். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறாய். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியது இந்த உலகத்திலேயே உன் பதிவேடு ஒன்றுதான்.

சந்தையில் நம் பெயரே "அணு உலை மீன்" என்று ஆகிவிட்டது. எல்லோரும் கதிர்வீச்சா என்று கேட்கிறார்கள். குளோரின் என்றால் யாருக்கும் பயமே வருவதில்லை, வீட்டில் பாத்ரூம் கழுவுகிறவர்கள்தானே.

மே 20ஆம் தேதி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரணை. உனக்கும் நோட்டீஸ் வரும்.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

நோட்டீஸ் வந்தது. ரொம்ப நன்றி. ஷிப்ட் இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும் அதை என் மேசையில் வைத்து, "உங்க வீட்டு விவகாரம் போல இருக்கே மேடம்" என்று சிரித்தார்.

அப்பாவைக் காட்டி என்னை அழவைக்கலாம் என்று பார்க்காதே. சின்ன வயதிலிருந்தே இது உன் வேலை. கண்ணாடியை உடைப்பது நீ, முதலில் ஓடிப்போய் அப்பா மடியில் உட்காருவதும் நீ.

யோசித்துப் பார். இந்த நிலையத்தால் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது? ஒன்றரை மணி நேரம் ஓடிய தண்ணீருக்காக அத்தனை பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய். விசாரணையில் உன்னைக் கேள்வி கேட்டே பைத்தியக்காரி ஆக்கிவிடுவார்கள். இப்போதே விலகிக்கொள்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

ஒன்றரை மணி நேரம்.

நான் எழுதிய இரண்டு கடிதத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று அதில் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்தது மீன் செத்த நேரம் மட்டும்தான். நிலையத்துக் கடிதத்திலும் நேரம் இல்லை. எதுவுமே நடக்கவில்லை என்றால், எது ஒன்றரை மணி நேரம் ஓடியது?

உன் கையெழுத்தில், உன் பேனாவில் எழுதியிருக்கிறாய். இதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மே 20 அன்று விசாரணை அதிகாரி மேசையில் வைப்பேன். அதற்கு முன்னால் நீயாக எனக்கு நடந்ததை எழுதினால் எழுது, இல்லாவிட்டால் போ.

தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

பெரிய துப்பறியும் நிபுணி. சந்தோஷமா? இந்தா, முழுவதையும் வைத்துக்கொள்.

கடல் தண்ணீரை இழுத்துத்தான் உலையின் குழாய்களைக் குளிர்விக்கிறோம். தண்ணீரோடு சிப்பிக் குஞ்சும் வரும். அது குழாயில் ஒட்டி வளர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அதனால் அளவாகக் குளோரின் விடுவோம். அன்று காலை ஒன்பதேகாலுக்குப் பம்பை ஓட்டியவர் ஒரு புள்ளியைத் தள்ளிப் போட்டுவிட்டார். பத்து மடங்கு போயிருக்கிறது. வாய்க்கால் வாயில் தானாக அளக்கும் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. அப்படியான நாட்களில் நான் மணிக்கு ஒரு தடவை கையால் சாம்பிள் எடுக்க வேண்டும்.

பத்து மணிக்கு எடுத்தேன். சோதனை மருந்து விட்டால் வழக்கமாக லேசாக ரோஜா நிறம் காட்டும், சில நாள் அதுகூட இருக்காது. அன்று பீட்ரூட் சாறு மாதிரி ஆயிற்று. தண்ணீர் கலந்து மறுபடி அளந்தேன். 1.7.

ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டேன். "பம்பை நிறுத்தச் சொல்றேன். பதினொன்றரைக்கு இன்னொரு சாம்பிள் எடுங்க, அதை எழுதுங்க. முதல் பாட்டில் சரியாக் கழுவாம இருந்திருக்கும்" என்றார்.

"கழுவினது நான்தான் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. பம்பு நின்றபோது பத்தேமுக்கால். இரண்டாவது சாம்பிள் 0.08. எழுதினேன். அந்த எண் பொய் இல்லை, அந்த நேரத்துத் தண்ணீரில் அதுதான் இருந்தது. முதல் சாம்பிளைத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

ஆய்வக ஜன்னலிலிருந்து உன் படகு தெரியும். நீ வாளியைத் தூக்குவது தெரிந்தது. கடலில் கலந்தால் நீர்த்துவிடும், கூண்டு வரை போகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாளி தெரிந்தது போலவே, கூண்டுகள் நிலையத்து எல்லையைக் காட்டும் சிவப்பு மிதவைக்கு எந்தப் பக்கம் கிடந்தன என்பதும் தெரிந்தது. டிசம்பரிலிருந்தே தெரியும். இன்றுவரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

உனக்கு மீன் போனது. இந்தக் கடிதம் வெளியே வந்தால் இன்சார்ஜ் தப்பித்துக்கொள்வார், அவர் வாயால் சொன்னதோடு சரி. கையெழுத்து என்னுடையது. நான் மட்டும் போவேன். இதை அப்பாவிடம் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

சொல்லவில்லை. படித்தே காட்டினேன்.

அவர் வலை தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முடிகிற வரைக்கும் கை நிற்கவில்லை. 1.7 வந்ததும் நின்றது. கடைசி வரை கேட்டுவிட்டு, "பத்து மணிக்கேவா அவளுக்குத் தெரியும்?" என்றார்.

"ஆமாப்பா."

"பத்தேகாலுக்குத்தானே மேல வந்துச்சு."

"ஆமா."

"போன் பண்ணியிருந்தா வலையை அறுத்து விட்டிருப்பேனே. கத்தி இடுப்புலதான் இருந்துச்சு. பாதி மீனாவது பொழைச்சுப் போயிருக்குமே."

பிறகு எழுந்து போய்க் குளித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முகச் சவரம் செய்தார். தட்டைப் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. நீ செய்தது தெரிந்த துக்கத்தைவிட, தான் செய்யவில்லை என்று தெரிந்த நிம்மதி பெரிதாக இருந்திருக்கிறது அவருக்கு. இத்தனை நாள் அந்த நிம்மதியை உன் பையில் வைத்துக்கொண்டு நடமாடினாயே, உனக்கு எப்படித் தூக்கம் வந்தது?

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அவ கடுதாசியை அங்க கொடுக்காத. கடுதாசியைக் கொடுத்தா நாம அவளைப் பிடிச்சுக் கொடுத்த மாதிரி. அவளே வந்து அவ வாயால சொல்லணும். சொல்லலைன்னா இந்த வீட்டுப் பக்கம் வர வேணாம்னு எழுது."

எழுதிவிட்டேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை. நீ வாய் திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கடிதம் என் பையில் இருக்கும். அன்று காலை அவர் பேச்சைக் கேட்பேனா என்று எனக்கே தெரியாது.

மிதவை பற்றிய வரிகளை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை.

தங்கை


மே 12

தங்கைக்கு,

அந்த வரிகளை மட்டும் படிக்கவில்லையா? நன்று. நானும் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதாமல் விட்டேன். அதற்கு நீ எனக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று பழைய கடிதங்களை எடுத்துப் பார்.

இங்கே எல்லோரும் திடீரென்று என்னிடம் அன்பாகிவிட்டார்கள். இன்சார்ஜ் என் நாற்காலியை மாற்றிக் கொடுத்தார், முதுகு வலிக்குமாம். தலைமை வேதியியலாளர் பதவி காலியாகப் போகிறதாம், என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாராம். நான் எண்களை முதலில் கிறுக்கும் ரஃப் நோட்டை, "பழசெல்லாம் ஒழுங்கா பைண்ட் பண்ணித் தரோம்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வராது. 1.7 என்று எழுதிய தாள் உன் பையில் இருக்கும் கடிதம் ஒன்றுதான்.

கொடுப்பதானால் கொடு. என் கையெழுத்தே இல்லை என்று நான் அங்கே நின்று சொல்லமாட்டேன் என்று நிச்சயமாக இருக்காதே. நீயும் அப்பாவும் பாசத்தைச் சுருக்குக் கயிறாக்கி என் கழுத்தில் மாட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். நான் வருவேனா என்பதை இனி கடிதம் போட்டுக் கேட்காதே.

அக்கா


மே 22

அக்கா,

வந்தாய். சொன்னாய். பாராட்டி எழுதுகிறேன் என்று நினைத்தால் இத்தோடு மடித்து வைத்துவிடு.

நீ எழுந்து, "முதல் சாம்பிள் 1.7. எடுத்தது நான், கொட்டினதும் நான்" என்றபோது அப்பா என் கையைப் பிடித்தார். நான் பையிலிருந்த கடிதத்தை விட்டுவிட்டேன். அதோடு நீ உட்கார்ந்திருந்தால் அன்று சாயங்காலம் நானே உன் வீட்டுக்கு வந்திருப்பேன். சத்தியமாக.

ஆனால் அந்த அதிகாரி சும்மா, பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "கூண்டெல்லாம் மிதவைக்கு வெளியதான் இருந்துச்சு, இல்லையா?" தலையாட்டினால் போதும். தலையாட்டக்கூட வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். நீ, "இல்லை சார். நாற்பது மீட்டர் உள்ளே" என்றாய். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தெர்மாமீட்டர் படிப்பது மாதிரி.

ஆமாம், நான்தான் நகர்த்தினேன். டிசம்பரில் தண்ணீர் குளிர்ந்து மீன் தீனி எடுக்கவில்லை. உங்கள் வாய்க்கால் பக்கம் வெதுவெதுப்பு. ஒரு மாதத்தில் இரண்டு விரல் அகலம் வளர்ந்தன. மீன்வள ஆபீசரே அனுமதித்துவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

நீ போன பிறகு தீர்ப்பு வாசித்தார்கள். மீன் செத்தது குளோரினால்தான், நோய் என்று நிலையம் சொன்னது பொய். அதே மூச்சில், எல்லைக்குள் கூண்டு போட்டதால் அந்த இடம் எங்களுக்கு இல்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த தண்ணீரில் வேறு இடமாம்.

பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும், "ஆபீசர் சொன்னார்னு சொன்னியே" என்றார். நான் படியைப் பார்த்து இறங்கினேன். "சரி" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. அந்த "சரி"க்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

எங்களைக் காப்பாற்ற வந்தாயா, பழி வாங்க வந்தாயா?

தங்கை


மே 30

தங்கைக்கு,

கேட்டார்கள், சொன்னேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? உன் நாற்பது மீட்டரையும் தொட்டியில் கொட்டியிருக்க வேண்டுமா? இரண்டரை மாதமாக எனக்கு உண்மையைப் பற்றி வகுப்பு எடுத்தது நீ. உன் வீட்டு வாசலுக்கு அது வந்ததும் கதவைச் சாத்துகிறாய்.

நான் அங்கே வந்தது உனக்காக இல்லை. அப்பாவுக்காக என்றுகூடச் சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதிலிருந்து நான் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. தண்ணீரை எடுப்பேன், அளப்பேன், எழுதுவேன். அதில் ஒரு நாள் தவறினேன். அன்றிலிருந்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தால்கூட என் கையை நானே நம்பவில்லை. உன் முகத்தைப் பார்த்திருந்தால் நாற்பதை முப்பது ஆக்கியிருப்பேன். அதனால்தான் பார்க்கவில்லை.

உனக்கு ஆறுதலாக இருக்குமென்றால் கேள்: வேலை போய்விட்டது. இன்சார்ஜ் தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூன் 15க்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முதுகு வலிக்காத அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா உன்னிடமாவது "சரி" என்று சொன்னார். என் சாட்சி முடிந்து நான் வெளியே வந்தபோது வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


ஜூன் 6

அக்கா,

எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் தைரியம் இல்லை.

கூண்டை இழுக்க வேண்டும். ஆறையும் ஒன்றாகக் கட்டி, முன்னால் ஒரு படகு இழுக்க, பின்னால் ஒரு படகு திசை பிடித்து வர, நடுவில் ஒருவர் கயிறு பார்க்க வேண்டும். மூன்று பேர். தெருவில் ஆறு வீட்டில் கேட்டுவிட்டேன். நாலு வீட்டில் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள், இரண்டு வீட்டில் வேலை கேட்டு மனு போட்டவர்கள். ஒருவரும் வரவில்லை.

நேற்று அப்பா வாய் திறந்தார்.

"பெரியவளுக்கு எழுது. அவளுக்குப் படகு ஓட்டத் தெரியும்."

"அப்பா, அவ கூட நான்..."

"நான் கேட்டது படகு ஓட்ட ஆள். உங்க ரெண்டு பேருக்கும் சமாதானம் பேச இல்ல. எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல."

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, காற்று கிளம்புவதற்கு முன். பின்படகு உனக்கு. என்னோடு பேச வேண்டியதில்லை, நானும் பேசப்போவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்கு, கயிற்றை விட்டுக் கொடுக்கிறேன்.

கூண்டுச் சட்டம் முழுக்கத் துரு, கையைக் கிழிக்கும். உன் அளவில் கையுறை இங்கே இல்லை. எடுத்துக்கொண்டு வா.

தங்கை